நாகர்கோவில் லேப் கணினியில் செர்ன் தரவு: மியூவான் இணைகளின் நிறையை வரைவது எப்படி?

ஐரோப்பாவின் செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தில் துகள் மோதல்களைப் பதிவு செய்யும் சிஎம்எஸ் சோதனையின் முழுத் தரவை அலச மும்பை டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் இருப்பது போன்ற பெரிய கணினித் தொகுப்புகள் வேண்டும். ஆனால் செர்ன் பொதுவில் வெளியிட்டிருக்கும் ஒரு பகுதியை வைத்து, இரண்டு மியூவான்களாக (எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் கனமான துகள்) சிதையும் துகள்களின் நிறையைக் கண்டுபிடிக்க, நாகர்கோவிலிலோ தக்கலையிலோ ஒரு கல்லூரி லேப்பில் கிடக்கும் 4 ஜிபி ராம் கணினியே போதும். கோப்பை மொத்தமாக விழுங்கக் கூடாது, அவ்வளவுதான்.

செர்னின் திறந்த தரவுத் தளத்தில் 12341ஆம் எண் பதிவை எடுங்கள். 2012இல் பதிவான சுமார் 6 கோடியே 15 லட்சம் நிகழ்வுகள் (பதிவான மோதல்கள்), மியூவான் விவரங்கள் மட்டும், 2.1 ஜிபி அளவில் இருக்கும். பிரவுசரில் இறக்க வேண்டாம். ஐப்பசி மழையில் சாயங்காலம் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து தொடங்க நேரிடும். டபிள்யூகெட் (wget) என்ற இறக்கக் கருவியை '-c' சேர்த்து ஓட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். இறங்கியதும் கோப்பு கெடாமல் வந்ததா என்று காட்டும் அட்லர்32 சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு, தளத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நடுவில் சில பைட்டுகள் கெட்டிருந்தால் நிரல் பாதி ஓடிய பிறகுதான் விழும். சரியான ஒரு பிரதி கிடைத்துவிட்டால் மற்ற கணினிகளுக்குப் பென்டிரைவே போதும்.

64 பிட் பைதானில் அப்ரூட், ஆக்வர்ட், நம்பை, மேட்பிளாட்லிப் நான்கையும் பிப் மூலம் நிறுவுங்கள். செர்னின் ரூட் (ROOT) மென்பொருள் இதற்குத் தேவையில்லை.

கோப்பினுள் 'ஈவென்ட்ஸ்' என்ற மரம் (தரவு அட்டவணை) இருக்கும். முதலில் ஒரு லட்சம் நிகழ்வுகளை மட்டும் படித்து நிரலைச் சோதியுங்கள். பிறகு அப்ரூட்டின் 'இட்டரேட்' கொண்டு ஐந்து ஐந்து லட்சமாகப் படியுங்கள். 124 சுற்றில் முடியும். குறுக்கு உந்தம் (துகள் கற்றைக்குக் குறுக்கான உந்தம்), ஈட்டா, ஃபை (இவ்விரண்டும் மியூவான் செல்லும் திசையைச் சொல்பவை), மின்னூட்டம், மியூவான் எண்ணிக்கை ஆகிய ஐந்து கிளைகளை (பத்திகளை) மட்டும் கேளுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஹிஸ்டோகிராம் எண்ணிக்கையை மட்டும் கூட்டிக்கொண்டு, மற்றதை விட்டுவிடுங்கள். நிறைகளை ஒரு பட்டியலில் சேர்த்துக்கொண்டே போவதுதான் ராம் நிரம்பிக் கணினி உறைந்துபோக வழக்கமான காரணம்.

சரியாக இரண்டு மியூவான் உள்ள நிகழ்வுகளை முதலில் வடிகட்டுங்கள். வடிகட்டுமுன் இரண்டாவது மியூவானைக் கேட்டால், ஒன்றே உள்ள நிகழ்வில் நிரல் நின்றுவிடும். அடுத்து, எதிரெதிர் மின்னூட்டம் உள்ள இணைகளை மட்டும் வையுங்கள்.

நிறையின் வர்க்கம் = 2 × முதல் மியூவானின் குறுக்கு உந்தம் × இரண்டாம் மியூவானின் குறுக்கு உந்தம் × (ஈட்டா வித்தியாசத்தின் காஷ் (cosh) − ஃபை வித்தியாசத்தின் காஸ் (cos)). இது மியூவானின் சொந்த நிறையைப் பூஜ்ஜியமாகக் கொள்ளும் வாய்பாடு. இசட் போன்ற கனத்த துகளுக்கு இதனால் எந்தப் பாதிப்பும் இல்லை. ஆனால் 0.548 ஜிஇவியில் (துகள் நிறையின் அலகு) நிற்க வேண்டிய ஈட்டா மெசான் என்ற லேசான துகள் (மேலே சொன்ன திசை ஈட்டா அல்ல) 0.5 பக்கம் சரிந்துவிடும். அங்கே 0.1057 ஜிஇவி மியூவான் நிறையையும் சேர்த்து முழு ஆற்றல்-உந்தக் கணக்கையே போடுங்கள்.

0.25 முதல் 300 ஜிஇவி வரை 30,000 பெட்டிகள் வைத்து, இரு அச்சுகளையும் மடக்கை அளவில் வரையுங்கள். 100 பெட்டி போட்டால் ஒவ்வொன்றும் 3 ஜிஇவி அகலமாகி, 3.1இல் உள்ள ஜே/சை துகளின் கூர்முனை அதில் கரைந்துபோகும். ஜே/சை, 9.46இல் உப்சிலான், 91.2இல் இசட் மூன்றும் தெரிந்தால் நிரல் சரி.

30 ஜிஇவி அருகே ஒரு மேடு எழும். அது துகள் அல்ல. எந்த நிகழ்வைப் பதிய வேண்டும் என்று கருவி முடிவெடுக்கும் டிரிகரின் விளைவு. இரு மியூவான்களுக்கும் குறைந்தபட்சக் குறுக்கு உந்தம் 20 ஜிஇவி என்று வரம்பு வைத்து மறுபடி ஓட்டிப் பாருங்கள்: மேடு வலப்பக்கம் நகரும், இசட் இருந்த இடத்திலேயே நிற்கும்.