நான்கு புட்டிகளில் அமெரிக்க விஸ்கி

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலுள்ள லூயிவில் நகருக்கு வந்து எட்டு வருஷம் ஆகிறது. சில காலைகளில் கதவைத் திறந்தாலே தானியக் கஞ்சி கொதிக்கும் வாசனை வரும். ஹெவன் ஹில் நிறுவனத்தின் பெர்ன்ஹைம் வடிசாலை ஊருக்குள்ளேயே இருக்கிறது. போன அக்டோபரில் அக்காவும் அத்தானும் வந்திருந்தார்கள். கடையில் சுவர் முழுக்க அடுக்கியிருந்ததைப் பார்த்துவிட்டு, "இத்தனை இருக்கே, எதுலேருந்துப்பா ஆரம்பிக்கிறது?" என்று அத்தான் கேட்டார். அன்றைக்கு அவருக்குச் செய்து காட்டியதைத்தான் எழுதுகிறேன்.

விலையை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். லேபிளில் 'பாட்டில்ட் இன் பாண்ட்' அல்லது 'பாண்டட்' என்று போட்டிருக்கும் நான்கை எடுங்கள்: மெல்லோ கார்ன், வெள்ளை லேபிள் எவன் வில்லியம்ஸ், ஜாக் டேனியல்ஸ் பாண்டட், ரை என்ற தானியத்தில் வடிக்கும் ரிட்டன்ஹவுஸ் ரை.

அந்தச் சொல்லுக்குப் பின்னால் 1897-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதற்கு முன் விஸ்கி என்ற பேரில் விற்றதில் பாதிக்குக் கணக்கே கிடையாது. வெறும் சாராயத்தில் கருக்கிய சர்க்கரை, உலர்பழச் சாறு, சில இடங்களில் புகையிலைச் சாறு வரை கலந்து நிறமேற்றினார்கள். கென்டக்கியின் இ. எச். டெய்லரும் அன்றைய நிதியமைச்சர் ஜான் கார்லைலும் முன்னின்று சட்டம் கொண்டுவந்தார்கள். ஒரே வடிசாலையில், ஒரே அரையாண்டுப் பருவத்தில் வடித்திருக்க வேண்டும். அரசு மேற்பார்வையிலுள்ள கிடங்கில் நான்கு வருஷமாவது பீப்பாயில் கிடக்க வேண்டும். சரியாக 50 சதவீத ஆல்கஹாலில், அதாவது 100 புரூஃபில், புட்டியில் அடைக்க வேண்டும். தண்ணீரைத் தவிர எதையும் சேர்க்கக் கூடாது. எங்கே வடித்தது என்பதும் லேபிளில் இருக்க வேண்டும்.

ஆக, இந்த நான்குக்கும் வீரியம் ஒன்று, சட்டம் ஒன்று. தானியம், பீப்பாய், கரி என்று ஒவ்வொன்றாக மாற்றினால் என்ன ஆகிறது என்பது நாக்குக்குத் தனித்தனியாகப் புரியும். கண்டபடி வாங்கிக் குடித்தால் பத்து வருஷம் ஆனாலும் இது பிடிபடாது.

கண்ணாடித் தம்ளர் வேண்டும். எவர்சில்வரில் நிறம் தெரியாது. வாய் குறுகிய சின்னக் கிளாஸ் கிடைத்தால் இன்னும் நல்லது, வாசனை தங்கும். ஒவ்வொன்றிலும் 20 மில்லி. காரமான மிக்சரைப் பக்கத்தில் வைக்காதீர்கள்; மிளகாய் ஏறிய நாக்கில் ரையின் காரம் எடுபடாது. கடிக்க வெள்ளை ரொட்டி, குடிக்கத் தண்ணீர் போதும். வண்டி எடுக்க வேண்டியவர் முகர்ந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

முகரும்போது மூக்கைக் கிளாஸுக்குள் விடாமல், வாயை லேசாகத் திறந்து வையுங்கள். இல்லையென்றால் ஆல்கஹால் மட்டும்தான் ஏறும். முதல் வாய் சும்மா நாக்கைப் பழக்கத்தான். இரண்டாவதிலிருந்துதான் கவனிக்க வேண்டும். பிறகு ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி, தண்ணீர் விடுங்கள். 50 சதவீதம் 40-க்கும் கீழே இறங்கும். அடங்கிக் கிடந்த வாசனை அப்போது வெளியே வரும்.

மெல்லோ கார்னில் தொடங்குங்கள். கார்ன் விஸ்கிக்கு மக்காச்சோளம் 80 சதவீதமாவது வேண்டும். உள்ளே கருக்கிய புதுப் பீப்பாயில் அதை வைக்கக் கூடாது; இது பர்பன் என்ற இன்னொரு வகை அமெரிக்க விஸ்கியை வைத்து எடுத்த பழைய பீப்பாயில் கிடந்தது. வைக்கோல் நிறம். அத்தான் முகர்ந்ததும், "சோளக்கருது வேகுற வாசனைப்பா" என்றார். அதுதான் தானியத்தின் சொந்தக் குரல்.

அடுத்தது எவன் வில்லியம்ஸ். இதுவும் ஹெவன் ஹில் செய்வதுதான். சோளம் 78 சதவீதம், கிட்டத்தட்ட அதே அளவு. ஆனால் இது பர்பன். உள்பக்கம் நெருப்பில் கருக்கிய புது ஓக் பீப்பாய் கட்டாயம். இரண்டு கிளாஸையும் வெளிச்சத்தில் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். அந்தச் செம்பழுப்பு முழுக்க மரம் கொடுத்தது. வெனிலா, காய்ச்சிய சர்க்கரை மணமும் அப்படியே. கென்டக்கி வெயிலில் சரக்கு விரிந்து மரத்துக்குள் இறங்கும், குளிரில் வெளியேறும். வருஷக்கணக்கில் இதுவே நடக்கும். புதுப் பீப்பாய் பர்பனுக்கு ஒரு முறைதான் பயன்படும். பிறகு ஸ்காட்லாந்துக்கும், பெங்களூருவின் அம்ருத் விஸ்கி ஆலை வரைக்கும் போகிறது. பர்பன் கென்டக்கியில்தான் செய்ய வேண்டும் என்று நினைப்பவர்கள் அதிகம். அமெரிக்காவில் எங்கும் செய்யலாம். சோளம் 51 சதவீதம் இருந்தால் போதும்.

லேபிளில் 'சோர் மேஷ்' என்று இருக்கும். உறைமோர் விடுவது போல என்று நானும் பல நாள் நினைத்திருந்தேன். அது சரியில்லை. வடித்து முடித்தபின் அடியில் மிஞ்சும் புளித்த நீரைப் புதுக் கூழில் சேர்க்கிறார்கள். கொதித்த நீர் என்பதால் அதில் உயிருள்ள ஈஸ்ட் இருக்காது. அதன் புளிப்புதான் வேண்டாத பாக்டீரியாவைத் தள்ளிவைத்து, ஒவ்வொரு முறையும் ஒரே ருசி வர உதவுகிறது. 19-ஆம் நூற்றாண்டில் கென்டக்கியில் இதை முறைப்படுத்தியவர் ஜேம்ஸ் குரோ என்ற மருத்துவர்.

மூன்றாவது ஜாக் டேனியல்ஸ். இதிலும் சோளம் 80 சதவீதம், புதுப் பீப்பாய். ஆனால் பீப்பாய்க்குப் போகுமுன் பத்தடி மேப்பிள் கரி வழியாகச் சொட்டுச் சொட்டாக இறக்குகிறார்கள். முனை மழுங்கி, வாழைப்பழ வாசனை முன்னால் வரும். இதைக் குடிக்கும்போது ஒரு பெயரைச் சொல்லிவிட்டுக் குடியுங்கள்: நியரெஸ்ட் கிரீன். அடிமையாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மனிதர். சிறுவன் ஜாக் டேனியலுக்கு வடிக்கக் கற்றுக்கொடுத்தவர். நூறு வருஷத்துக்கும் மேலாகப் பெரும்பாலோர் அறியாமலிருந்த அவர் பெயரை நிறுவனம் வெளிப்படையாகச் சொன்னது 2016-இல்தான். அத்தான் இதைக் கேட்டுவிட்டுக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

கடைசியாக ரிட்டன்ஹவுஸ். ரை என்பது கோதுமைக்குச் சொந்தக்காரத் தானியம், கம்பு அல்ல. அது 51 சதவீதமாவது இருக்க வேண்டும். மிளகு, பட்டை, காய்ந்த புல் என்று நாக்கின் ஓரத்தைப் பிடிக்கும். பர்பனுக்கு முன்னால் கிழக்குக் கரையின் விஸ்கி இதுதான். ஜார்ஜ் வாஷிங்டன் தன் மவுன்ட் வெர்னன் பண்ணையில் 1797-இல் தொடங்கிய வடிசாலையில் 60 சதவீதம் ரைதான் போட்டார்கள். 1799-இல் ஏறக்குறைய 11,000 காலன் வடித்தார்கள். அதைத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள், போய்ப் பார்க்கலாம். பென்சில்வேனியாவின் பழைய ரை ஆலைகளுக்கு 1920 முதல் 1933 வரையிலான மதுவிலக்கு பெரிய அடி. அதன்பின் அவை பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. ரிட்டன்ஹவுஸ் என்பது பிலடெல்பியாவிலுள்ள ஒரு சதுக்கத்தின் பெயர். அந்தப் பெயரைத் தாங்கிய ரை இன்று எங்கள் ஊரில் வடிக்கப்படுகிறது. எனக்கு நான்கில் இதுதான் உயிர்.

இந்த நான்கும் பிடிபட்ட பிறகு மேக்கர்ஸ் மார்க் வாங்குங்கள். ரைக்குப் பதில் கோதுமை போட்ட பர்பன். எவன் வில்லியம்ஸோடு பக்கத்தில் வைத்துக் குடித்தால் காரம் எங்கே போனது என்று தேடுவீர்கள்.

ராத்திரி கிளாஸ்களைக் கழுவாமல் வரிசை மாறாமல் விட்டுவிடுங்கள். காலையில் காப்பி குடிக்குமுன் ஒவ்வொன்றாக முகருங்கள். ஆல்கஹால் போயிருக்கும், அடியில் ஒட்டியது மட்டும் இருக்கும். மெல்லோ கார்ன் கிளாஸில் அநேகமாக ஒன்றும் இராது. பர்பன் கிளாஸில் பழைய மரப்பெட்டியைத் திறந்த வாசனை வரும். அத்தான் பல் தேய்க்காமலே வந்து நான்கையும் முகர்ந்துவிட்டு, மூன்றாவதை அக்காவிடம் நீட்டினார்.