இரண்டாவது கியர் ‘கர்ர்’ என்றபோது

கம்பத்திலிருந்து குமுளிக்கு மலையேறும்போது, கொண்டை ஊசி வளைவுகளில் மூன்றிலிருந்து இரண்டாவது கியருக்கு இறங்கியாக வேண்டும். எங்கள் பழைய காரில் அப்போதெல்லாம் ‘கர்ர்’ என்று சத்தம். கிளட்ச் மாற்றினால் சரியாகிவிடும் என்றார்கள். ஆனால் வண்டி நிற்கும்போது ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்தது, அதாவது கிளட்ச் ஒழுங்காக விடுபடுகிறது. கிளட்சை இருமுறை மிதித்து, நடுவில் கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்தால் இரண்டாவதும் அமைதியாக விழுந்தது. அப்படியென்றால் கோளாறு கிளட்சில் இல்லை, கியர் விழும் முன் சுழலும் வேகங்களைச் சமப்படுத்தும் பித்தளை வளையமான சிங்க்ரோ ரிங்கில்.

ஆயிலை இறக்கிப் பார்த்தேன். பித்தளைத் தூள் மினுமினுத்தது, காந்தத்தில் ஒட்டவில்லை.

மச்சான் ஒரு பக்கம் தாங்க, கியர்பாக்ஸை இறக்கினோம். கழற்றியதையெல்லாம் வரிசை மாறாமல் திராட்சை ட்ரேயில் அடுக்கினேன். கியர் மாற்றும் கவையைத் தாங்கும் தண்டை (ஷிஃப்ட் ஃபோர்க் ஷாஃப்ட்) இழுக்கும்போது துணியால் மூடிக்கொள்ளுங்கள். உள்ளே ஸ்பிரிங்கோடு இருக்கும் சின்ன எஃகு குண்டு தெறித்துவிடும். எங்களுடையது தெறித்தது, அரை மணி நேரம் தேடினோம்.

ரிங்கை கியரின் கூம்பில் அழுத்தி, ரிங்குக்கும் கியர் பற்களுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் (மெல்லிய அளவுத் தகடு) அளந்தேன். புதியதில் ஏறத்தாழ 1 மி.மீ.; பழையதில் 0.3 கூட இல்லை, அவ்வளவு தேய்ந்திருந்தது. ரிங்கை ஒட்டி ஷாஃப்டில் இறுக்கமாக இருக்கும் ஹப்பை சுத்தியலால் தட்ட மனம் வரவில்லை, லேத் பட்டறையில் பிரஸ் வைத்துக் கழற்றி மாட்டினோம். ரிங்கின் பள்ளங்களில் ஹப்பில் இருக்கும் மூன்று கீயும் (சின்ன உலோகத் துண்டுகள்) சரியாக உட்கார வேண்டும், அதை மட்டும் இரண்டு தடவை பார்த்தேன். ஊற்றிய கியர் ஆயில் ஜிஎல்-4 தரம். சில ஜிஎல்-5 ஆயில்களில் இருக்கும் கந்தகச் சேர்மம் பித்தளையை அரிக்கும்.

மறுநாள் லோயர் கேம்ப் தாண்டி முதல் வளைவு. மச்சான் கண்ணாடியை ஏற்றிவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். சத்தமே இல்லை.