பள்ளிகளுக்கு வரும் உதவியைப் பங்கிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரசுப் பள்ளிகளுக்குக் கைகொடுக்க இன்று நிறையப் பேர் முன்வருகிறார்கள். 2022 டிசம்பரில், அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்டும் தமிழக அரசின் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' திட்டம் வந்தபிறகு நிறுவனங்களுக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் வழி இன்னும் எளிதாகிவிட்டது. ஆனால் ஒரு மாவட்டத்துக்குள் இந்த உதவி எந்தப் பள்ளியைத் தொடுகிறது, எதைத் தாண்டிப் போகிறது என்று வரைபடத்தில் குறித்துப் பார்ப்பவர்கள் குறைவு.

உதவ வரும் நிறுவனத்தார் சொல்லி நான் அதிகம் கேட்கும் வாக்கியம், "ஆலையைச் சுற்றியுள்ள ஊர்களில்தான் செய்ய முடியும், சட்டம் அப்படி." இது தவறான புரிதல். கம்பெனிகள் சட்டம் 2013-இன் 135-ஆம் பிரிவு, அதன் வரம்புக்குள் வரும் நிறுவனங்கள் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. உள்ளூருக்கு முன்னுரிமை தரவும் சொல்கிறது. ஆனால் அந்த முன்னுரிமை வழிகாட்டல்தான், கட்டாயமில்லை என்று மத்திய அரசே 2021-இல் விளக்கிவிட்டது. திருவண்ணாமலை மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். செய்யாறு சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றி வட்டம் போட்டால், அதே மாவட்டத்தின் இன்னொரு கோடியில் ஜவ்வாது மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூர் அதற்குள் வரவே வராது. மலைப் பள்ளிக்கு ஆலை அருகில் இல்லை என்பதற்காக உதவியும் இல்லை என்றால் அது நியாயமா?

அடுத்த தவறு பட்டியலில் நடக்கிறது. பள்ளிக்கல்வித் துறையின் பட்டியலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பங்கிட்டால், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள், பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள், மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் எல்லாம் விடுபட்டுப்போகலாம். அவை நெடுங்காலமாக வேறு துறைகளின் பொறுப்பில் நடந்து வந்தவை. பள்ளியை ஊர்ப் பெயரால் குறித்துவைப்பதும் வேண்டாம். புதூர் என்ற பெயரில் எத்தனை ஊர்கள்! எந்தத் துறைப் பள்ளியானாலும் அதற்கென்று தனி அடையாளமாக 11 இலக்க யுடைஸ் (UDISE) எண் உண்டு. அதை வைத்துப் பதிவு செய்தால் ஒரே பள்ளி இரண்டு முறை வராது, எது விடுபட்டது என்பதும் தெரியும்.

எண்ணிக்கையிலும் ஏமாறுகிறோம். ஒருநாள் முகாம் நடந்த பள்ளியும், வாரம் இருமுறை ஆண்டு முழுக்க வாசிப்பு வகுப்பு நடக்கும் பள்ளியும் அறிக்கையில் 'ஒரு பள்ளி' என்றே பதிவாகின்றன. எத்தனை பிள்ளைகள், எத்தனை மணி நேரம் என்று எழுதுங்கள். அதோடு, இருபது பிள்ளைகள் படிக்கும் ஈராசிரியர் பள்ளியை "ஆள் குறைவு" என்று ஒதுக்காதீர்கள். ஓர் ஆசிரியர் விடுப்பு எடுத்தால் ஐந்து வகுப்பையும் மற்றவரே பார்க்கும் இடம் அது. என்னைக் கேட்டால் முதலில் போகவேண்டியது அங்கேதான். ஆனால் அங்கே கூட்டம், புகைப்படம், படிவம் என்று ஆசிரியரின் நேரத்தை எடுத்துவிடக்கூடாது.

அப்புறம், தலைமை ஆசிரியர் துடிப்பானவராக இருக்கும் பள்ளிக்கே எல்லாரும் போவது. அவர் மாறுதல் கலந்தாய்வில் வேறு ஊருக்குப் போனதும் ஸ்மார்ட் வகுப்பறை பூட்டிக் கிடக்கும். அதனால் தொடக்கத்திலேயே பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டிப் பேசுங்கள். அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். என்ன தேவை என்பதைத் தீர்மானமாக எழுதி, சாவி யாரிடம், பழுதானால் யார் பொறுப்பு என்பதையும் அதே தீர்மானத்தில் சேர்த்துவிடுங்கள்.