ஏ.ஏ. கூட்டம் தேடுகிறவர்கள் வழக்கமாகச் செய்கிற தவறுகள்

சித்தப்பாவுக்காக ஏ.ஏ. கூட்டம் தேடியபோது நான் செய்த முதல் தவறு, பாளையங்கோட்டைத் தெருக்களில் போர்டு பார்த்துக்கொண்டே பைக் ஓட்டியது. அப்படித் தேடினால் கிடைக்காது. ஏ.ஏ. என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை நிறுத்த நினைப்பவர்கள் கூடிப் பேசும் அமைப்பு. பெயர் சொல்லாத குடிநோயாளிகள் என்று அர்த்தம். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரான் நகரில் குடியில் மாட்டிய ஒரு பங்குத் தரகரும் ஒரு டாக்டரும் உட்கார்ந்து பேசியதில் தொடங்கியது. குடித்துக் கெட்டவனிடம் குடித்துக் கெட்டவன் பேசினால் காது கொடுப்பான் என்பதுதான் இன்றைக்கும் அதன் சூத்திரம். இதற்குக் கட்டடம் தேவையில்லை. பெரும்பாலும் சர்ச், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று எங்காவது இரவலாகவோ வாடகைக்கோ பிடித்த ஓர் அறை. வாரத்தில் சில நாள், ஒரு மணி, ஒன்றரை மணி நேரம்.

அதனால் போன் போட்டுக் கேளுங்கள். ஏ.ஏ.வின் இந்திய இணையதளத்தில் தொடர்பு எண்கள் உண்டு. மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கு 14416, இரண்டும் இலவசம். பட்டியலில் போட்டிருக்கும் கிழமையை நம்பி வள்ளியூரிலிருந்து பஸ் ஏறிவிடாதீர்கள், அறை மாறியிருக்கலாம். கிளம்புகிற அன்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது நம்மூருக்கே உரிய குழப்பம். பாளையங்கோட்டையில் சர்ச் வளாகத்துக்குள் 'கூட்டம்' என்றால், ஜெபக்கூட்டம் என்றுதான் வீட்டில் நினைப்பார்கள். சித்தி அப்படித்தான் நினைத்தாள். ஏ.ஏ. எந்த மதத்தோடும் கட்சியோடும் சேராது. கடவுள் என்ற சொல் அங்கே வரும், அது அவரவர் புரிந்துகொண்ட கடவுள். நெல்லையப்பர் கோயிலுக்குப் போகிறவரும் மேலப்பாளையத்தில் ஐந்து வேளை தொழுகிறவரும் ஒரே பெஞ்சில் உட்காரலாம். குடியை நிறுத்தவேண்டும் என்ற ஆசை ஒன்றுதான் தகுதி.

காசு விஷயத்திலும் ஏமாறாதீர்கள். ஏ.ஏ.வில் கட்டணம் இல்லை, ஆளை உள்ளே தங்கவைத்துக்கொள்ளும் வழக்கமும் இல்லை. உறுப்பினர்கள் தங்களுக்குள் போடுகிற காசில்தான் வாடகையும் டீயும். நான் விசாரித்த ஓர் இடத்தில் போனை எடுத்ததுமே முன்பணம் எவ்வளவு என்று சொன்னார்கள். அது மறுவாழ்வு மையம். சிலருக்கு அதுவும் தேவைப்படலாம், ஆனால் அது வேறு சரக்கு.

இப்போது சொல்லப்போவதில் தவறு செய்தால் உயிருக்கே ஆபத்து. 'கூட்டத்துக்குச் சுத்தமாகப் போகணும்' என்று, வருஷக்கணக்காகத் தினமும் குடித்தவரைச் சட்டென்று நிறுத்த வைத்து வீட்டுக்குள் பூட்டுகிறார்கள். சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். சிலருக்கு இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் புத்தி தடுமாறும்: இல்லாத ஆளோடு பேசுவார், மேலே பூச்சி ஊர்கிறது என்று தட்டிவிடுவார். நம் ஊர்ப்பக்கம் இதைப் பார்த்ததும் சுடலைமாடசாமி பிடித்துவிட்டது என்று, சாமியாடுகிற கோமரத்தாடியைத் தேடி ஓடுகிறவர்கள் உண்டு. திருநீறு பூசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை; ஆனால் பூசிய கையோடு ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடுங்கள். கவனிக்காமல் விட்டால் ஆளே போய்விடக்கூடிய நிலை அது. நாள்பட்ட குடி என்றால் டாக்டர் மேற்பார்வையில் நிறுத்துவதுதான் முறை. கூட்டம் அப்புறம். அதேபோல, அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் குடியை வெறுக்க வைக்கும் மாத்திரையைக் கலக்காதீர்கள். அதன்மேல் குடித்தால் நெஞ்சு படபடத்து ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.

சித்தப்பா வர மறுத்ததற்குச் சொன்ன காரணம்: "ஏலே, தெரிஞ்சவன் எவனாவது பாத்தா என்னல ஆகும்?" ஜங்ஷன் டாஸ்மாக் வாசலில் பட்டப்பகலில் நின்ற மனுஷன்! சிரிப்பு வந்தது, ஆனாலும் அந்தப் பயத்தைக் கேலி செய்யக்கூடாது. அங்கே தெரிந்தவர் இருந்தால் அவரும் அதற்காகவே வந்தவர், பார்த்ததை வெளியே சொல்லக்கூடாது என்பது அங்கே முறை. முழுப்பெயர் கேட்க மாட்டார்கள். முதல் நாள் வாயே திறக்காமல் உட்கார்ந்துவிட்டு வரலாம்.

இரண்டாவது காரணம்: "கார்த்திகையில மாலை போட்டா ஒரு மண்டலம் தொடுறதில்லயே, எனக்கு எதுக்கு கூட்டம்?" உண்மைதான், தொடமாட்டார். மாலையைக் கழற்றிய அன்று ராத்திரி என்ன நடக்கும் என்பது சித்திக்குத் தெரியும். கோயிலில் கயிறு கட்டிக்கொண்டவர்கள் கதையும் இதுவே. மாலையும் கயிறும் இருக்கட்டும், அவை முடிகிற நாளுக்கு முன்பே கூட்டத்துக்குப் போய்ப் பழகிவிடுவது நல்லது என்பது என் எண்ணம்.

குடும்பத்தோடு போகலாமா என்றால், கேட்டுக்கொண்டு போங்கள். திறந்த கூட்டம் என்றால் யாரும் உட்காரலாம். மூடிய கூட்டம் குடிநோய் உள்ளவர்களுக்கு மட்டும். தெரியாமல் நான் உள்ளே போய் உட்கார்ந்து, மரியாதையாக வெளியே அனுப்பப்பட்டேன். மனைவி, பிள்ளைகளுக்கு அல்-அனான் என்று தனி அமைப்பே இருக்கிறது. அவர் வராவிட்டாலும் சித்தி மாதிரியானவர்கள் அதில் சேரலாம்.

முதல் கூட்டம் பிடிக்காமல் போகலாம். யாரோ ஒருவர் அரைமணி நேரம் பேசியே கொல்லுவார். மூன்று நாலு தடவை, முடிந்தால் வேறு குழுவிலும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். தினமும் பாளையங்கோட்டை வரமுடியாத பாபநாசத்துக்காரருக்கு போனிலும் ஜூமிலும் நடக்கிற கூட்டங்கள் உண்டு.

கூட்டம் முடிந்ததும் செருப்பைத் தேடாதீர்கள். டீ குடிக்கிற அந்தப் பத்து நிமிஷத்தில்தான் போன் நம்பர் கிடைக்கும். சாயங்காலம் கை அரிக்கும்போது கடைக்குப் பதிலாகக் கூப்பிடுவதற்கு அதுதான் வேண்டும். சித்தப்பா இரண்டு நம்பர் வாங்கினார். அதில் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டோம். நம்பர் கொடுத்த அண்ணாச்சியே பைக்கை எடுத்துக்கொண்டு வந்தார், மூன்று பேரும் அதிலேயே போனோம்.