டர்போ காருக்கு எந்த ஆயில்? கேனைத் திருப்பிப் பாருங்கள்

டாஷ்போர்டுக்குள் உறைகூடப் பிரிக்காமல் கிடக்கும் மேனுவலை முதலில் வெளியே எடுங்கள். இன்ஜின் ஆயில் பக்கத்தைக் கண்டுபிடித்து அதில் இருக்கும் எண்களை போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போலோ ஜிடி டிஎஸ்ஐ, ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ, ஆக்டேவியா ஆர்எஸ் மாதிரி, ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் டிஎஸ்ஐ என்ற டர்போ பெட்ரோல் இன்ஜின் உள்ள கார் வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் "எந்த பிராண்டு நல்லது, எவ்வளவு திக்கா போடணும்" என்ற இரண்டு கேள்விகள்தான். இரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, இந்த இன்ஜினைச் செய்தவன் எந்த ஆயிலை ஓட்டிப் பார்த்து ஒப்புக்கொண்டிருக்கிறான் என்பது. அந்தப் பதில்தான் மேனுவலில் இருக்கிறது.

நான் ஓட்டுவது பழைய ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ, செகண்ட் ஹேண்டில் வாங்கியது, 180 குதிரைத்திறன். அதையே உதாரணமாக வைத்துச் சொல்கிறேன், மற்ற டர்போ பெட்ரோல் கார்களுக்கும் பெரும்பாலும் இதே கணக்குதான்.

கடையில் போய் 5டபிள்யூ-30 (ஆயிலின் கிரேடு அது, முதல் எண் குளிரிலும் இரண்டாவது சூட்டிலும் ஆயில் எவ்வளவு கெட்டி என்று சொல்லும்) கேட்டால் இரண்டு கேன் எடுத்து வைப்பார்கள். இரண்டிலும் முன்பக்கம் பெரிய எழுத்தில் 5டபிள்யூ-30, இரண்டிலும் ஃபுல் சிந்தெடிக், விலையில் மட்டும் நல்ல வித்தியாசம். குறைந்த விலைக் கேனைத் திருப்பினால் பின்பக்கம் ஏபிஐ எஸ்பி, ஐஎல்எஸ்ஏசி ஜிஎஃப்-6 என்று பொதுவான தரக் குறிகள் இருக்கும். மற்றதைத் திருப்பினால் ஏசிஇஏ சி3 (ஐரோப்பிய கார் கம்பெனிகளின் தரம்), ஃபோக்ஸ்வாகன் 504 00 (ஃபோக்ஸ்வாகனே வைத்த தர எண்) என்று இருக்கும். எண் ஒன்றே என்றாலும் இரண்டும் வேறு வேறு ஆயில். முதலாவது மைலேஜை மனதில் வைத்துச் செய்தது. இரண்டாவது, கடும் சூட்டில் நசுங்கும்போதும் படலம் அறுந்துவிடாமல் இருக்க வேண்டும் என்று செய்தது.

இந்த வித்தியாசத்தைச் சொல்லும் அளவுக்கு எச்டிஎச்எஸ் என்று பெயர். ஆயிலை 150 டிகிரிக்குச் சூடாக்கி, பேரிங்கிற்குள் கிரான்க் சுற்றும்போது அது எப்படி இழுபடுமோ அதே மாதிரி வேகமாக இழுத்து, அந்த நிலையில் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று அளப்பார்கள். சாதாரண 5டபிள்யூ-30 ஆயிலுக்கு, இந்த கிரேடுகளை வகுக்கும் எஸ்ஏஇ அமைப்பு கேட்பது குறைந்தது 2.9. அதே 5டபிள்யூ-30 ஃபோக்ஸ்வாகன் 502 00 அல்லது 504 00 முத்திரை வாங்க வேண்டுமானால் 3.5 இருந்தாக வேண்டும். ஏசிஇஏ ஏ3/பி4, சி3 இரண்டுக்கும் அதே 3.5தான். 0.6 தானே என்று தோன்றும், ஆனால் கிரான்க்குக்கும் பேரிங்குக்கும் இடையே உள்ள படலத்தின் தடிமனே மைக்ரான் கணக்கு, அங்கே அந்த 0.6 பெரிய விஷயம். ஆயில் கம்பெனியின் தளத்தில் ஒவ்வொரு ஆயிலுக்கும் டெக்னிக்கல் டேட்டா ஷீட் இருக்கும், அதில் இந்த எண்ணைப் போட்டிருப்பார்கள். போடாத கம்பெனியின் ஆயிலை நான் வாங்குவதில்லை.

கேனைப் படிக்கும்போது இன்னொன்று: "அப்ரூவ்டு" என்ற சொல்லுக்கும் "ரெக்கமண்டட் ஃபார்" என்ற சொல்லுக்கும் நிறைய தூரம். அப்ரூவ்டு என்றால் கார் கம்பெனி சொன்ன சோதனைகளில் பாஸாகி, அதன் ஒப்புதலைக் கையில் வாங்கியாகிவிட்டது. ரெக்கமண்டட் என்றால் இந்தக் காருக்குப் பொருந்தும் என்று ஆயில் கம்பெனியே சொல்லிக்கொள்கிறது. பொய்யாகத்தான் இருக்கும் என்று சொல்லவில்லை, ஆனால் ஒரே விலையில் இரண்டும் கிடைத்தால் முதலாவதை எடுங்கள்.

சரி, அந்த டபிள்யூ. அது விண்டர். 5டபிள்யூ என்றால் மைனஸ் 30 டிகிரியிலும் ஸ்டார்ட்டர் மோட்டார் இன்ஜினைச் சுற்றிவிடும் அளவுக்கு ஆயில் இளகி இருக்கும் என்று பொருள், 10டபிள்யூவுக்கு அது மைனஸ் 25. "சென்னையில ஏது சார் மைனஸ், 20டபிள்யூ-50 போடுங்க, திக்கா இருந்தாத்தான் இன்ஜினுக்கு நல்லது" என்று மெக்கானிக்குகள் சொல்வது இதனால்தான். கேட்கும்போது நியாயமாகவே படும். நானும் கார் வாங்கிய புதிதில், அவசரத்துக்கு ஒரு பட்டறையில் விட்டபோது, என்னைக் கேட்காமலே 20டபிள்யூ-50 ஊற்றிக் கொடுத்துவிட்டார்கள். மறுநாள் காலை ஸ்டார்ட் செய்ததும் இன்ஜினின் சங்கிலிப் பக்கத்திலிருந்து டரடரவென்று ஒரு சத்தம், மூன்று நான்கு நொடி, அப்புறம் அடங்கியது. அடுத்த நாளும் அதே சத்தம். இந்த இன்ஜினில் டைமிங் செயினை இறுக்கிப் பிடித்திருக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. ஆயில் போய்ச் சேரும்வரை செயின் தொளதொளவென்று ஆடும். செயின் ஒரு பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதும், அப்புறம் இன்ஜினையே இறக்க வேண்டியதுதான். அன்றே ஆயிலை வடித்து 502 00 முத்திரை உள்ள 5டபிள்யூ-40 ஊற்றினேன், அதற்குப் பிறகு அந்தச் சத்தம் வரவில்லை.

நடந்தது இதுதான். சென்னைக் காலையில் 28 டிகிரி என்றால் நமக்கு வெக்கை, ஆயிலுக்கு அது குளிர். 40 டிகிரியிலேயே 5டபிள்யூ-40 ஏறக்குறைய 80, 90 சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையின் அலகு) இருக்கும், 100 டிகிரிக்கு வந்தால் 14க்குப் பக்கம் இறங்கிவிடும். 20டபிள்யூ-50 அதே 40 டிகிரியில் 150ஐத் தாண்டும். இன்ஜின் சூடானபின் இரண்டுக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான், காலையில் முதல் நிமிடத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் நம் ஊருக்கு முன்னால் இருக்கும் எண்ணால் பயனில்லை என்பது தவறு. பத்மினியோ அம்பாசடரோ வைத்திருந்தால் 20டபிள்யூ-50 தாராளமாகப் போடலாம், அந்த இன்ஜின்களின் இடைவெளிகள் பெரியவை, கேம்ஷாஃப்ட் டேப்பெட்டின் மேல் உரசிக்கொண்டே ஓடுவதால் துத்தநாகச் சேர்மானம் அதிகமுள்ள ஆயில் அவற்றுக்கு நல்லதும்கூட. டிஎஸ்ஐ-க்கு அது வேண்டாம்.

எதிர்ப்பக்கம் போய் அளவுக்கு மீறி இளகியதைப் போடுவதும் கூடாது. ஃபோக்ஸ்வாகன் 508 00 என்று ஒன்று இருக்கிறது, 0டபிள்யூ-20, பச்சை நிறத்தில் இருக்கும். அதற்கென்றே வடிவமைத்த புது இன்ஜின்களுக்கான ஆயில் அது, எச்டிஎச்எஸ் 2.6 இருந்தால் போதும். பழைய 1.8க்கு அதைப் போடக் கூடாது. புதியது என்பதால் மேலானது என்று நினைத்து நண்பர் ஒருவர் வாங்கி வந்துவிட்டார், நல்ல வேளை, ஊற்றும் முன் காட்டினார்.

எந்த கிரேடு என்பதை உங்கள் காலும் முடிவு செய்கிறது, அதாவது எப்படி ஓட்டுகிறீர்கள் என்பது. இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் கார்வெட் சி7 என்ற அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார். அந்த காருக்கு சாலையில் 5டபிள்யூ-30, ரேஸ் டிராக்கில் ஓட்டுவதானால் 15டபிள்யூ-50 மாற்றிக்கொள், முடிந்ததும் திரும்ப 5டபிள்யூ-30 ஊற்று என்று மேனுவலிலேயே சொன்னார்கள். 2019 மாடலில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே 0டபிள்யூ-40 கொண்டுவந்தார்கள். இன்ஜின் அதேதான், ஆயிலுக்கு ஏறும் சூடுதான் வேறு. பிஎம்டபிள்யூவின் இ92 எம்3க்கு 10டபிள்யூ-60. அதைப் பார்த்துவிட்டு "எம் காருக்கே 60 போடறான்" என்று டிஎஸ்ஐ-க்கு ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வி8 டர்போ இல்லாமல் 8,000 ஆர்பிஎம்-ஐத் தாண்டிச் சுற்றும், அதன் பேரிங், பம்ப் எல்லாவற்றையும் அந்த ஆயிலோடு சேர்த்தே அமைத்திருக்கிறார்கள். உங்கள் இன்ஜின் 6,500இலேயே கியர் மாற்றச் சொல்கிறது.

ஆக்டேவியாவில் ஆயில் டெம்பரேச்சரை மீட்டருக்கு நடுவில் உள்ள திரையில் பார்க்கலாம். பலர் பார்ப்பதே இல்லை, பாருங்கள். கூலன்ட் முள் 90க்கு வந்துவிட்டது என்று ஆக்ஸிலரேட்டரை அழுத்தாதீர்கள், ஆயில் அப்போது 50இல்கூட இருக்கலாம், அது 80 தாண்டும்வரை மெதுவாகப் போங்கள். நகரத்தில் எனக்கு 95 முதல் 105 வரை இருக்கும். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில், ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர், நாலைந்து சுற்று விடாமல் அழுத்தினால் 125ஐத் தாண்டிவிடுகிறது. 130 தொட்டால் நான் ஒரு சுற்று மெதுவாக ஓட்டி உள்ளே வந்துவிடுவேன். ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் மட்டும் ஓட்டுகிறவருக்கு 504 00 முத்திரை உள்ள 5டபிள்யூ-30 தாராளமாகப் போதும். டிராக்குக்கும் போகிறவர், அல்லது இசியூ ரீமேப் செய்து (இன்ஜின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றி) டர்போ பூஸ்ட்டைக் கூட்டியவர், 502 00 முத்திரை உள்ள 5டபிள்யூ-40 அல்லது 0டபிள்யூ-40 எடுங்கள். அதற்கு மேல் ஆயில் சூடேறினால் ஆயில் கூலர் போட வேண்டும், 60 கிரேடு தேடிப் போகக் கூடாது.

ஏபிஐ எஸ்பி என்பதையும் கேனில் தேடுங்கள், 2020இல் வந்த தரம் அது. நேரடியாகப் பெட்ரோல் பீய்ச்சும் சிறிய டர்போ இன்ஜின்களில், ஆர்பிஎம் குறைவாக இருக்கும்போது முழுதாக அழுத்தினால், ஸ்பார்க் வருவதற்கு முன்னாலேயே கலவை தீப்பிடித்து பிஸ்டனையே உடைத்துவிடும் ஒரு கோளாறு உண்டு. ஆயிலில் கழுவும் வேலைக்காகச் சேர்க்கும் கால்சியம் அதிகமானால் அது கூடுகிறது என்று கண்டுபிடித்து, ஒரு பங்கை மெக்னீசியத்துக்கு மாற்றினார்கள். டைமிங் செயின் தேய்மானச் சோதனையும் எஸ்பியில் இருக்கிறது. ஆயில் மட்டும் காப்பாற்றாது, ஆறாம் கியரில் 1,500 ஆர்பிஎம்-இல் லாரியை ஓவர்டேக் செய்ய அழுத்தாதீர்கள், இரண்டு கியர் இறக்கிவிட்டு அழுத்துங்கள்.

ஃபுல் சிந்தெடிக் என்ற சொல்லை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கச்சா எண்ணெயிலிருந்தே கடுமையாகச் சுத்திகரித்து எடுக்கும் குரூப் 3 ஆயிலையும் சிந்தெடிக் என்று விளம்பரம் செய்யலாம் என்று அமெரிக்காவில் விளம்பரப் புகார்களை விசாரிக்கும் அமைப்பு 1999இல் முடிவு சொன்னது, அதிலிருந்து கடையில் இருக்கும் பெரும்பாலான ஃபுல் சிந்தெடிக் அதுதான். நல்ல குரூப் 3 ஆயில் முத்திரைச் சோதனைகளை எல்லாம் பாஸ் செய்கிறது, எனக்கு அது போதும். எஸ்டர் (ரசாயன முறையில் செய்யும் சிந்தெடிக்) என்று போட்டிருப்பதற்காக இரண்டு மடங்கு விலை கொடுத்து, முத்திரை ஒன்றும் இல்லாத ஆயிலை வாங்குவதைத்தான் வேண்டாம் என்கிறேன். தனியாக பாட்டிலில் விற்கும் அடிட்டிவ் எதையும் கலக்கவே கலக்காதீர்கள், அளவு பார்த்துக் கலந்த சேர்மானம் கெட்டுப்போகும்.

எப்போது மாற்றுவது? சர்வீஸ் அட்டவணை 15,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம் என்கிறது. டர்போ காரை ஆசையாக ஓட்டுகிறவர் 7,500க்கே மாற்றிவிடுங்கள், ஃபில்டரோடு, டிரெயின் போல்ட்டும் வாஷரும் புதிதாக. தினமும் நாலு கிலோமீட்டர் ஆபீஸ் போய் வரும் கார் இன்னும் மோசம், ஆயில் சூடாவதற்குள் ஆஃப் ஆகிவிடுவதால் பெட்ரோல் ஆயிலில் கலந்து அப்படியே தங்கும். டிப்ஸ்டிக்கை உருவி மூக்கருகே கொண்டுபோய்ப் பாருங்கள், பெட்ரோல் வாடை அடித்தாலோ, ஊற்றாமலே அளவு ஏறியிருந்தாலோ, கிலோமீட்டர் பார்க்காமல் மாற்றுங்கள். வாரம் ஒரு முறையாவது நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்டினால் அந்தப் பெட்ரோல் ஆவியாகிப் போய்விடும்.

அளவு பார்க்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். காரைச் சமதரையில் நிறுத்தி, சூடான இன்ஜினை ஆஃப் செய்து, சில நிமிடம் விட்டு, டிப்ஸ்டிக்கை ஒரு முறை துடைத்து உள்ளே விட்டு, இரண்டாம் முறை உருவியதைத்தான் நம்ப வேண்டும். இந்த வகை இன்ஜின் 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர்வரை குடிக்கலாம் என்று மேனுவலே சொல்கிறது, அதனால் சர்வீஸ் வரட்டும் என்று இருக்காமல் மாதம் இரண்டு முறை பாருங்கள். டிராக் நாளில் மேல் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும், வளைவில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கினால் பம்ப் காற்றை இழுத்துவிடும். மேல் கோட்டைத் தாண்டியும் ஊற்றாதீர்கள், கிரான்க் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரை பேரிங்கைத் தாங்காது. டாப் அப் செய்ய அதே ஆயிலில் ஒரு லிட்டர் டிக்கியில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும் இடம் முக்கியம். போலி ஆயில் நிறைய ஓடுகிறது, பழைய அசல் கேனிலேயே மறுபடி நிரப்பி விற்கிறார்கள். ஒரு கடையில் மூன்றில் ஒரு பங்கு விலை குறைவாகக் கொடுத்தார்கள், வீட்டுக்கு வந்து பார்த்தால் மூடியின் வளையம் ஏற்கெனவே அறுந்திருந்தது, அடியில் அச்சிட்ட பேட்ச் எண்ணும் அட்டையில் இருந்த எண்ணும் வேறு வேறு. ஊற்றவில்லை, திருப்பிக் கொடுத்துவிட்டேன். க்யூஆர் கோடு இருந்தால் கடையிலேயே ஸ்கேன் செய்யுங்கள், பில் கேட்டு வாங்குங்கள், பட்டறையில் மாற்றினால் கேனை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். காலிக் கேனை அங்கேயே விட்டுவிட்டு வராதீர்கள், ஸ்க்ரூ டிரைவரால் நாலு இடத்தில் குத்தி ஓட்டை போட்டுவிட்டு அப்புறம் கிளம்புங்கள்.