நாரி நோவோடு நடமாடுவது: நான் செய்த பிழைகள், நீங்கள் தவிர்க்க வேண்டியவை

தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. மேசையில் இருபத்திரண்டு சாரிச் சட்டைகள் தைக்கக் கிடந்தன. அன்றைக்குப் பார்த்து நாரி (அடிமுதுகு) நோகவில்லை. அப்படி ஒரு நாள் கிடைப்பதே அருமை, விடுவேனா? காலை ஆறு மணிக்கு மெஷினில் உட்கார்ந்தவள் இரவு பதினொன்றுக்குத்தான் எழும்பினேன். எழும்பினேன் என்பதும் பொய். மேசையைப் பிடித்துக்கொண்டு பாதி நிமிர்ந்தேன், அவ்வளவுதான். அடுத்த நான்கு நாளும் கட்டிலில். ஏழு சட்டை தீபாவளி முடிந்த பிறகுதான் உரியவர்களிடம் போய்ச் சேர்ந்தது.

எங்கள் திருகோணமலைப் பக்கத்தில் முதுகின் அடிப்பகுதியை நாரி என்போம். கரைவலை இழுக்கிறவருக்கும் நாரிப்பிடிப்பு, தம்பலகாமத்தில் வயல் செய்கிறவருக்கும் நாரிப்பிடிப்பு, கந்தோரில் நாள் முழுக்கக் கதிரையில் இருப்பவருக்கும் அதேதான். 2020ஆம் ஆண்டில் உலகம் முழுக்க 61.9 கோடிப் பேருக்கு இந்த நோ இருந்ததாகக் கணக்கு. மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அதை நாட்பட்ட நோ என்கிறார்கள். எனக்கு இது பன்னிரண்டாவது வருடம். நான் வைத்தியர் அல்ல, பாலையூற்றில் இருக்கும் தையல்காரி. படித்தும் பட்டும் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

என்னைக் கேட்டால், பிழைகளில் பெரியது அந்த 'நல்ல நாள்' பிழைதான். நோ குறைந்த நாளில் வீடு கூட்டி, உடுப்புத் தோய்த்து, கடைக்குப் போய், தேங்காய் துருவி, நிலுவையில் உள்ள எல்லாவற்றையும் ஒரேயடியாக முடிக்கப் பார்ப்போம். மறுநாள் நாரி பழிவாங்கும். மூன்று நாள் படுப்போம். படுத்ததில் உடம்பு இன்னும் தளரும். அடுத்த நல்ல நாளில் போன தடவை செய்ததில் பாதி செய்தாலே நோகத் தொடங்கும். வருடக்கணக்கில் இப்படியே போனால் நல்ல நாள்கள் அருகிப் போகும். நோய் முற்றிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். முற்றியது நோய் அல்ல, நாங்கள் வேலை செய்கிற விதம்.

இதிலிருந்து வெளியே வர எனக்கு வழி சொன்னது அரச வைத்தியசாலையில் இருந்த ஒரு பிசியோதெரபி மிஸ். "நோவைப் பார்த்து நிறுத்தாதீங்கோ அக்கா, மணிக்கூட்டைப் பார்த்து நிறுத்துங்கோ" என்றார். முதலில் விளங்கவில்லை. கூடாத நாள் ஒன்றில் எவ்வளவு நேரம் இருந்தால் நோ ஏறத் தொடங்குகிறது என்று பார்க்கச் சொன்னார். எனக்கு அரை மணித்தியாலம். அதைவிடக் குறைத்து இருபது நிமிடம் என்று வைத்தோம். போனில் இருபது நிமிடத்துக்கு அலாரம். அடித்தால் எழும்ப வேண்டும். நோகாவிட்டாலும் எழும்ப வேண்டும், இதுதான் கஷ்டம். கை வைத்த கழுத்துப் பட்டியில் இன்னும் நாலு விரல்கடைதான் மிச்சம் இருக்கும்போது அலாரம் அடித்தால் வருகிற எரிச்சல் தையல்காரருக்குத் தெரியும். ஊசியைத் துணியில் இறக்கி அப்படியே விட்டுவிட்டு எழும்பப் பழகினேன். எழும்பி நின்று அயன் போடுவேன், துணி வெட்டுவேன், கொக்கி தைப்பேன். ஐந்து நிமிடம் கழித்துத் திரும்ப மெஷின்.

வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடமாகக் கூட்டினோம். இரண்டு மாதத்தில் நாற்பது நிமிடம் வந்தது. இப்போது தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போதே புதுத் துணி வாங்குவதை நிறுத்திவிடுவேன். முகம் சுளிப்பவர்களும் உண்டு. சுளிக்கட்டும்.

இன்னொன்றையும் இதோடு மாற்றினேன். முன்பு பாயில் குந்தியிருந்துதான் துணி வெட்டுவேன். மேசைக் கால்களின் கீழ் கல் வைத்து உயர்த்தி, நின்றபடி வெட்டத் தொடங்கினேன். நேராக இரு, கூனாதே என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். ஆணி அடித்தது போல நேராக இருந்தாலும் இரண்டு மணித்தியாலம் போனால் நோகும். இருக்கிற விதத்தை மாற்றிக்கொண்டே இருப்பதுதான் எனக்கு உதவியது.

நோகிறது என்றதும் வீட்டில் முதலில் சொல்வது "கொஞ்ச நாள் அசையாமல் படு". அந்தக் காலத்தில் வைத்தியர்களே அப்படித்தான் சொன்னார்கள். இப்போது சொல்வதில்லை. தாங்க முடியாத நேரத்தில் ஒரு மணித்தியாலம் சரிவதில் பிழையில்லை. நாள்கணக்கில் படுத்தால் தசை இளைக்கும், மூட்டு இறுகும், எழும்பும்போது முன்பைவிட நோகும். என் மனுஷன் அன்பின் பேரில் வாளியைப் பறித்துக்கொண்டு, விளக்குமாற்றைப் பறித்துக்கொண்டு இரண்டு வருடம் என்னை ஒரு வேலையும் செய்ய விடவில்லை. அந்த இரண்டு வருடத்தில்தான் நான் மிகவும் தளர்ந்தேன்.

குனிந்தால் முதுகெலும்பு விலகிவிடும் என்று நானும் நம்பினேன். கீழே விழுந்த நூல்கட்டையைக் கால்விரலால் எடுக்கிற வித்தை அப்போதுதான் கைவந்தது. பிறகு ஒருநாள் வெளிநாட்டிலிருந்து வந்த தங்கை குடும்பத்தோடு கன்னியாவுக்குப் போனோம். வெந்நீரில் குளித்தால் நாரிக்கு நல்லது என்று பெரியம்மா பிடிவாதம். அங்கே ஏழு ஊற்றுகளும் ஆழமில்லாத சிறு கிணறுகள். குனிந்துதான் வாளியால் அள்ள வேண்டும். ஒவ்வொன்றிலும் சூடு ஒவ்வொரு மாதிரி. எது சூடு கூட என்று பிள்ளைகளோடு பந்தயம் கட்டி, ஒன்று மாற்றி ஒன்றாக அள்ளி அள்ளி ஊற்றினேன். திரும்பி வரும்போதுதான் நினைவு வந்தது: இன்றைக்கு நாற்பது தடவையாவது குனிந்திருப்பேனே! மறுநாள் வழக்கமான நோதான். அதைவிட ஒரு துளி கூட இல்லை.

வெந்நீர் நோயைத் தீர்த்தது என்று சொல்ல வரவில்லை. சூடு தசைக்கு இதம், அதற்கு வீட்டில் போடுகிற ஒத்தடமே போதும். பயந்த அளவுக்குக் குனிவது ஆபத்தில்லை என்று அன்றைக்கு விளங்கியது. மிஸ்ஸிடம் சொன்னபோது சிரித்தார். அப்புறம் முறையாகப் பழக்கினார். முதலில் கதிரையில் கிடக்கும் துணியை எடுப்பது, பிறகு தரையிலிருந்து, பிறகு இரண்டு லீற்றர் போத்தல், அதன்பின் அரை வாளித் தண்ணீர். இன்றைக்கும் கிணற்றில் முழு வாளி ஒன்றுக்குப் பதிலாக அரை வாளி இரண்டு அள்ளுகிறேன். திருவலையில் பக்கவாட்டாகத் திரும்பி இருந்து நாலு தேங்காய் ஒன்றாகத் துருவுவதில்லை. ஒன்று துருவி, எழும்பி, அடுத்தது.

ஸ்கேன் விஷயத்துக்கு வருகிறேன். கடன்பட்டு எம்.ஆர்.ஐ. எடுத்தேன். அறிக்கையில் 'தேய்மானம்', 'டிஸ்க் பிதுக்கம்' (டிஸ்க் என்பது முதுகெலும்புகளுக்கு இடையில் மெத்தை போல இருக்கிற வட்டு) என்று இருந்ததைக் கேட்டதும் சோறு இறங்கவில்லை. வயதுக்கு இது சாதாரணம் என்று அந்த நேரத்தில் ஒருவராவது சொல்லியிருந்தால் எத்தனை இரவு தூங்கியிருப்பேன். ஒரு நோவும் இல்லாதவர்களை எடுத்த படங்களைத் தொகுத்து 2015இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஐம்பது வயதுக்காரரில் 80 வீதமானோருக்கு டிஸ்க் தேய்வு, 60 வீதமானோருக்குப் பிதுக்கம். இருபது வயதிலேயே 37 வீதத்தினருக்குத் தேய்வு. தலைமயிர் நரைக்கிற மாதிரித்தான் இதுவும். நாரி நோ உள்ள பத்தில் ஒன்பது பேருக்கு அளவில் இதுதான் காரணம் என்று ஒரு எலும்பையோ டிஸ்க்கையோ சுட்டிக்காட்ட முடியாது. ஸ்கேன் வேண்டாம் என்பதல்ல. கால் சோர்கிறது, வைத்தியர் வேறு ஏதாவது சந்தேகப்படுகிறார் என்றால் கட்டாயம் எடுக்க வேண்டும். நாங்களாகவே போய் எடுத்து, அதில் உள்ள சொற்களைப் பார்த்துப் பயந்து முடங்குவதுதான் பிழை.

குளிசையில் நான் பட்டது வேறு கதை. ஒரு பாமசியில் வைத்தியரின் துண்டு இல்லாமலே டைக்ளோபெனக் என்ற நோக் குளிசை அட்டை தந்தார்கள். அவர்கள் தந்தார்கள் என்று சொல்லி நான் தப்ப முடியாது, கேட்டு வாங்கியது நான். மாதக்கணக்கில் விழுங்கினேன், பல நாள் வெறும் வயிற்றில். வயிற்றெரிவு வந்தது, பிரஷர் ஏறியது. டைக்ளோபெனக், இபுபுரூபன் வகைக் குளிசைகள் நோ கடுமையான சில நாள்களுக்கு உதவும். நீண்ட நாள் எடுத்தால் இரைப்பையில் புண் வரலாம், சிறுநீரகம் பாதிக்கலாம். சீனி வருத்தமோ பிரஷரோ உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடவே கூடாது. பெயர் எழுதாத பொட்டலத்தில் வரும் 'நாட்டு மருந்து' குளிசையும் அப்படித்தான். அவற்றில் ஸ்டெரோயிட் கலந்திருந்து பிடிபட்டது பல நாடுகளில் நடந்திருக்கிறது. எண்ணெய் தேய்ப்பது, நொச்சி இலை ஒத்தடம் எல்லாம் தாராளமாகச் செய்யலாம். அந்த இதத்தில் எழும்பி நடக்க வேண்டும், அதுதான் பயன்.

நாரிக்குக் கட்டுகிற பெல்ட்டை எட்டு மாதம் கட்டியிருந்தேன், எங்கள் வெக்கையில் உள்ளே வியர்த்துக் கடித்ததுதான் மிச்சம். 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்பட்ட நாரி நோவுக்கென்று வெளியிட்ட வழிகாட்டியில், பெல்ட்டும் வேண்டாம், முதுகை இழுக்கிற சிகிச்சையும் வேண்டாம் என்றுதான் இருக்கிறது. உடற்பயிற்சியும் நோவைப் பற்றிய விளக்கமும் அதில் சொன்னவற்றில் அடக்கம். மெத்தையைத் தூக்கிவிட்டு வெறும் சீமெந்து நிலத்தில் பாய் போட்டுப் படுப்பதும் அவசியமில்லாத தவம். ஸ்பெயினில் 313 பேரை வைத்து 2003இல் செய்த ஆய்வில், கட்டி மெத்தையைவிட நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்குத்தான் நோ கூடக் குறைந்தது.

நடை. இதில் ஆளுக்கு ஆள் இரண்டு பிழை. நோ போன பிறகு நடக்கலாம் என்று காத்திருப்பது ஒன்று. முதல் நாளே கோணேசர் கோயில் மட்டும் நடந்து காட்டுவது மற்றது. நான் இரண்டையும் செய்தேன். பிறகு எங்கள் ஒழுங்கைக்குள் பத்து நிமிடத்தில் தொடங்கினேன். ஒரு மாதம் கழித்து டச்சு வளைகுடாக் கடற்கரை. காய்ந்த மணலில் கால் புதையும், தொடக்கத்தில் அது நாரிக்குப் பாரம், அதனால் ரோட்டோரம்தான் நடந்தேன். நாலாம் மாதம் பிரெட்ரிக் கோட்டை வாசலால் நுழைந்து, மான்களுக்கு வழிவிட்டு, ஏற்றத்தில் இரண்டு இடத்தில் நின்று, கோயில் வாசல்வரை போனேன். முன்பு கொண்டாட்டமாகப் போய் ஒரு வாரம் படுத்த அதே வழி.

நடந்தால் கொஞ்சம் நோகும். அது கேடு நடக்கிறது என்பதற்கு அடையாளமல்ல. மறுநாள் காலையில் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அந்த அளவு சரி. மறுநாளும் நோ கூடுதலாகவே இருந்தால் தூரத்தில் மூன்றிலொரு பங்கைக் குறையுங்கள், முற்றாக நிறுத்தாதீர்கள். அவுஸ்திரேலியாவில் நாரி நோவிலிருந்து தேறிய 701 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2024இல் வெளியிட்டார்கள். கிழமைக்கு ஐந்து நாள் அரை மணித்தியாலம் நடப்பதை இலக்காக வைத்துப் படிப்படியாகக் கூட்டியவர்களுக்கு நோ திரும்பி வர எடுத்த இடைநிலைக் காலம் 208 நாள். அந்த நடைப் பயிற்சி கொடுக்கப்படாத மற்றக் குழுவுக்கு 112. நடைக்குச் செலவு ஒரு சோடிச் செருப்பு.

எங்கள் ஊரில் நடையைக் கெடுப்பது காலநிலை. கச்சான் என்கிற தென்மேற்கு வெக்கைக் காற்று வீசும் மாதங்களில் காலை ஏழு மணிக்கே அனல், ஐந்தரைக்கு வெளிக்கிட்டால்தான் உண்டு. ஒக்டோபருக்குப் பிறகு மாரி பிடித்தால் ஒழுங்கை முழுக்க வெள்ளம். மாரி மூன்று மாதமும் நடையை விட்டுவிட்டு, தைப்பொங்கலுக்குப் பிறகு முதலிலிருந்து தொடங்குகிறவர்கள் நிறையப் பேர். நான் விறாந்தையில் மேலும் கீழும் நடக்கிறேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை "அன்ரி யாரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறா" என்று தாயிடம் கேட்டதாம்.

கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போகிறவர்கள் பஸ் நிற்கிற இடங்களில் ஒருதரம் இறங்கி நில்லுங்கள், தூக்கம் கலைந்தால் பரவாயில்லை. முடிந்தால் ரயில். அதில் எழும்பி நடக்கலாம்.

கடைசியாக ஒன்று, மேலே சொன்ன எதுவும் இதற்குப் பொருந்தாது. மலசலம் போகிற இடத்தைச் சுற்றி, தொடையிடுக்கில் விறைத்து உணர்ச்சி இல்லாமல் போனால், சலம் அடைத்தால் அல்லது தெரியாமலே போனால், இரண்டு காலும் சோர்ந்தால், விடியட்டும் என்று பார்க்கக் கூடாது. நரம்புக்கற்றை நசிகிறது என்பதற்கு அடையாளம் அது. தாமதித்தால் போன உணர்ச்சியும் பலமும் திரும்ப வராமலே போகலாம். நோவோடு காய்ச்சல் இருந்தால், காரணமில்லாமல் மெலிந்தால், முன்பு புற்றுநோய் வந்திருந்தால், விழுந்த பிறகு நோ தொடங்கியிருந்தால், இரவில் படுத்தாலும் ஒரு துளி குறையாமல் இருந்தால் வைத்தியரிடம் போகச் சுணங்காதீர்கள். முதுகெலும்பில் காசநோய் பிடிப்பதும் உண்டு, அது நடையால் தீராது. நரம்பு நசிகிற அடையாளம் கண்டால் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே நேராகப் போக வேண்டும். வாகனம் இல்லையென்றால் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்குப் போன் எடுங்கள். அம்புலன்சுக்குக் காசில்லை.