தேங்க்ஸ்கிவிங் முடிந்த வாரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் நவம்பரின் நான்காவது வியாழக்கிழமை வரும் தேங்க்ஸ்கிவிங் என்ற நன்றி நாள் விருந்துக்காக நாம் வாரக்கணக்கில் திட்டம் போடுகிறோம். வான்கோழி எத்தனை பவுண்டு, பம்ப்கின் பை என்ற பூசணி இனிப்பை யார் கொண்டுவருவது, யாருக்கு எந்த அறை என்று பேசி முடிவெடுக்கிறோம். அதற்கு அடுத்த வாரத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. என்னைக் கேட்டால் குடும்பத்தோடு நிம்மதியாக இருக்க அந்த வாரம்தான் ஏற்றது. ஃபிரிட்ஜ் நிறையச் சாப்பாடு இருக்கிறது, விருந்தினர்கள் கிளம்பிவிட்டார்கள், யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனாலும் பல வீடுகளில் அந்த வாரம் வந்த சுவடே இல்லாமல் போய்விடுகிறது.

முதல் தவறு வியாழக்கிழமை இரவே நடந்துவிடுகிறது. மூன்று மணிக்கு மேசைக்கு வந்த உணவு, பேச்சும் ஃபுட்பாலும் முடிந்து எட்டு மணிவரை அங்கேயே இருக்கும். சமைத்த உணவு வெளியே இருக்கலாம் என்பதற்கு இரண்டு மணி நேரம்தான் கணக்கு. 40 முதல் 140 டிகிரி ஃபாரன்ஹீட் வரையிலான சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும். ஃபிரிட்ஜில் இடமில்லை, வெளியேதான் குளிராக இருக்கிறதே என்று பாத்திரத்தைக் கராஜிலோ பின்கட்டு டெக்கிலோ வைக்காதீர்கள். பகலில் வெயில் பட்டால் அங்கே சூடு ஏறிவிடும், ரக்கூன் போன்ற விலங்கு வந்தால் கேட்கவே வேண்டாம். முழுப் பறவையை அப்படியே ஃபிரிட்ஜில் திணிப்பதும் சரியில்லை, நடுப்பகுதி ஆற வெகுநேரமாகும். கறியை எலும்பிலிருந்து பிரித்து, உள்ளே வைத்த ஸ்டஃபிங்கையும் வெளியே எடுத்து, ஆழம் குறைந்த டப்பாக்களில் போடுங்கள். திங்கட்கிழமை வரை தாங்கும். அதற்குமேல் வேண்டியதை முன்கூட்டியே ஃப்ரீசருக்கு மாற்றிவிட வேண்டும். பம்ப்கின் பையிலும் முட்டையும் பாலும் இருப்பதால் அதற்கும் ஃபிரிட்ஜ்தான். மீந்ததைச் சூடுபண்ணும்போது 165 டிகிரி வர வேண்டும். கொஞ்சம் சூப்போ தண்ணீரோ தெளித்து மூடிவைத்தால் நெஞ்சுக்கறி நார் நாராகக் காய்ந்துபோகாது.

அடுத்தது, எலும்பைக் குப்பையில் போடுவது. எனக்கு மனசே கேட்காது. அந்த வாரத்தின் ருசியெல்லாம் அதில்தான் இருக்கிறது. எலும்புக்கூட்டை இரண்டு மூன்றாக ஒடித்துப் பெரிய பாத்திரத்தில் போட்டு, மூழ்கும்வரை பச்சைத் தண்ணீர் ஊற்றி, வெங்காயம், கேரட், செலரி, பிரியாணி இலை சேர்த்து அடுப்பில் வையுங்கள். முதலில் பொங்கிவரும் நுரையைக் கரண்டியால் எடுத்துவிட்டுத் தீயைக் குறையுங்கள். தளதளவென்று கொதிக்கவிட்டால் கலங்கிவிடும், ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி வந்தால் போதும். மூன்று மணி நேரத்தில் வீடே மணக்கும், மாடியில் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளை தானாக இறங்கிவந்து என்ன சமையல் என்று கேட்கும். வடிகட்டி, ஐஸ் தண்ணீர் நிறைத்த சிங்கில் பாத்திரத்தை இறக்கி ஆறவிட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் மேலே கொழுப்பு வெள்ளையாகப் படிந்து, கீழே அல்வா மாதிரி ஆடிக்கொண்டிருக்கும். கெட்டுவிட்டது என்று நினைத்து இதைக் கொட்டிவிடுபவர்கள் உண்டு. எலும்பின் சத்து இறங்கியதால்தான் அது உறைந்திருக்கிறது, சூடு காட்டினால் இளகிவிடும். அமெரிக்க வீடுகளில் இதில் நூடுல்ஸோ பார்லியோ சேர்ப்பார்கள். நம் வீடுகளில் மிளகு, சீரகம், பூண்டு தட்டிப்போட்டுத் தாளித்து, கோழி ரசம் மாதிரி சுடுசோற்றில் ஊற்றிச் சாப்பிடலாம். சளி பிடித்த பிள்ளைக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

நாலு நாளும் அதே தட்டை அப்படியே சூடுபண்ணி வைத்தால் எந்தப் பிள்ளையும் முகம் சுளிக்கத்தான் செய்யும். மசித்த உருளைக்கிழங்கில் முட்டையும் கொஞ்சம் மாவும் பிசைந்து தட்டி, தோசைக்கல்லில் சிவக்க எடுங்கள். கறியைப் பிய்த்துப்போட்டுக் கொத்து பரோட்டா செய்யலாம். கிரான்பெரி சாஸ் காரமான எதோடும் ஒத்துப்போகும்.

சரி, சாப்பாட்டைவிட இந்த வாரத்தை அதிகமாக விழுங்குவது ஷாப்பிங். வெள்ளிக்கிழமை கடைகளில் தள்ளுபடி, திங்கட்கிழமை இணையத்தில் தள்ளுபடி. இந்த அவசரம் கடைக்காரர்களுடையது, அதுவும் இன்று நேற்று வந்ததல்ல. 1939-இல் நவம்பரின் கடைசி வியாழன் 30ஆம் தேதி வந்தது. கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்கு நாள் குறைகிறது என்று வணிகர்கள் கவலைப்பட, அதிபர் ரூஸ்வெல்ட் தேங்க்ஸ்கிவிங்கை ஒரு வாரம் முன்னே நகர்த்தினார். பல மாநிலங்கள் ஏற்காமல் பழைய தேதியிலேயே கொண்டாடின. 1941-இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு நான்காவது வியாழன் என்று முடித்துவைத்தது. வேண்டியதை வேண்டிய விலைக்கு வாங்கத்தான் வேண்டும். பட்டியலை முன்பே எழுதிவைத்து, பிள்ளைகள் தூங்கியபின் அரை மணி நேரத்தில் முடித்துவிடுங்கள். சாப்பாட்டு மேசையில் பெற்றோர் இருவரும் போனில் விலை பார்த்துக்கொண்டிருந்தால் பிள்ளைகள் யாரோடு பேசுவார்கள்?

கிறிஸ்துமஸ் மரம் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. அடித்தண்டில் ஓர் அங்குலம் புதிதாக அறுத்த பிறகே தண்ணீரில் நிறுத்துங்கள். முதல் நாள் அது நிறையக் குடிக்கும், தினமும் பாருங்கள். ஹீட்டர் காற்று நேராகப் படும் இடத்தில் வேண்டவே வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை நாடே ஊர் திரும்பும். 2024-இல் அந்த ஒரு நாளில் மட்டும் விமான நிலையச் சோதனையைக் கடந்தவர்கள் 30 லட்சத்துக்கும் மேல். அத்தை, மாமா, அவர்களோடு வந்த பிள்ளைகள் எல்லாரும் போனபின் வீடு வெறிச்சென்று ஆகிவிடும், குழந்தைகள் காரணமில்லாமல் சிணுங்குவார்கள். உடனே ஏதாவது வகுப்பில் சேர்த்து அந்த வெறுமையை நிரப்பப் பார்க்க வேண்டாம். எல்லாரும் சேர்ந்து பாதியில் விட்ட ஜிக்சா புதிர் மேசையில் இருந்தால் அதைக் கலைத்து எடுத்துவைக்காதீர்கள். போகும்போதும் வரும்போதும் ஆளுக்கொரு துண்டு பொருத்தட்டும். முடிந்ததும் படமெடுத்துப் போனவர்களுக்கு அனுப்பட்டும். முற்றத்து இலைகளையும் ஆள் வைத்துச் சுத்தப்படுத்துமுன் ஒரு நாள் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுங்கள். குவிப்பார்கள், குதிப்பார்கள், மறுபடி குவிப்பார்கள்.

அப்புறம், நம்மவர்கள் செய்யும் ஒரு தவறு. திருக்கார்த்திகை பல வருடங்களில் இதை ஒட்டித்தான் வரும். 2020-இல் அந்த ஞாயிறன்றே வந்தது, 2025-இல் அடுத்த புதன்கிழமை. வேலை நாள் என்று சொல்லி அதை வார இறுதிக்குத் தள்ளிவிடுகிறோம். தேவையே இல்லை. நியூயார்க் பக்கம் நாலரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுகிறது, பிள்ளைகள் பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கிப் பால் குடித்து முடிப்பதற்குள் விளக்கேற்றும் நேரம் வந்துவிடும். நவம்பரில் கடிகாரம் மாற்றியபின் அங்கிருந்து இந்தியாவுக்குப் பத்தரை மணி நேர வித்தியாசம். ஊரில் மாலை ஆறு மணிக்குப் பாட்டி வாசலில் அகல் ஏற்றும்போது நியூயார்க்கில் காலை ஏழரை. பள்ளிக்குக் கிளம்புமுன் வீடியோ காலில் பார்த்துவிடலாம். கலிஃபோர்னியாவில் அப்போது அதிகாலை நாலரை, அங்கே இருப்பவர்கள் பாட்டியிடம் சொல்லிப் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள்.